கொட்டில் சுவரில் குடித்தனம்

பெரியம்மாவின் கொல்லையில் மாடு இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆயிற்று. கொட்டில் மட்டும் நிற்கிறது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் மண்சுவர், அதற்கும் மேல் பூவரசங்கட்டை உத்தரமும் நாட்டு ஓடும். கிழக்குப் பார்த்த சுவரில், மழைச்சாரல் எட்டாத உயரத்தில், பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள். ஒன்றிரண்டல்ல, சுவர் நெடுக.

"சல்லடையாப் போச்சுடா. சித்திரைக்குள்ள சிமிட்டி பூசிடணும்" என்று பெரியம்மா கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மயிலாடுதுறைப் பக்கத்தில் கொத்தனார் சொன்ன தேதியில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்த இடைவெளியில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு ஏற்பாடு என்று ஒன்றும் வேண்டாம். ஒரு முக்காலி போதும். நம் நிழல் துளைகளின் மேல் விழாதபடி சற்று ஒதுங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். தை மாதத்துக் காலையில் எட்டு மணிவரை சுவரில் எந்த அசைவும் இருக்காது. பனி விலகி, வெயில் ஓட்டு விளிம்பிலிருந்து மெல்லக் கீழிறங்கித் துளைகளைத் தொடும்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம் தெரியும். கரிய முகம், நெற்றிக்குக் கீழே வெளிர்மஞ்சள் கோடு, இரண்டு பெரிய கண்கள். உடனே வெளியே வருவதில்லை. வெயில் காய்கிறது. பறக்கும் தசைகள் சூடேறாமல் இந்த உடம்பு கிளம்பாது.

கிளம்பினால் ஒரே பாய்ச்சல். ஆனால் நேரே போய்விடுவதில்லை. திரும்பி, தன் வாசலைப் பார்த்தபடி அந்தரத்தில் நின்று, இடமும் வலமும் அரைவட்டம் போட்டு, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, அதன்பிறகே வேலிக்கு அப்பால் மறைகிறது. சுற்றிலும் அதே மாதிரித் துளைகள் இருக்க, தன் துளை எது என்று மனப்பாடம் செய்துகொள்ளும் சடங்கு அது.

நீலவரித் தேனீ இது. அமெகில்லா என்ற பேரினம். நாம் அறிந்த தேனீயின் அளவுதான், கொஞ்சம் பருமன். மார்பு முழுக்கப் பழுப்பு மயிர், கரிய வயிற்றில் குறுக்கே ஓடும் நீலப் பட்டைகள். பெண்ணுக்கு நான்கு பட்டை, ஆணுக்கு ஐந்து. அந்த நீலத்தை என்ன நீலம் என்று சொல்வது? வெயிலில் ஒன்றாக இருக்கிறது, நிழலில் வேறொன்றாக. மயில் கழுத்தைச் சொல்லலாம் என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதுவே அதுவாக இருக்கட்டும்.

தேனீ என்றால் கூடு, ராணி, அடை, தேன், புகை போட்டு விரட்டுவது என்றே நமக்குப் பழக்கம். உலகில் பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கு மேல். அவற்றில் ராணியும் வேலைக்காரிகளுமாகக் கூட்டம் கூட்டி வாழ்பவை சிறுபான்மைதான். பெரும்பாலானவை இந்தச் சுவர்க்காரிகளைப் போலத் தனித்து வாழ்பவை. ராணியும் அவளே, வேலைக்காரியும் அவளே. மண்ணைத் தோண்டுவது, அறை கட்டுவது, பூவுக்கு அலைவது, முட்டையிட்டு மூடுவது எல்லாம் ஒருத்தியின் பொறுப்பு. பக்கத்துத் துளைக்காரி அக்கம்பக்கம்தான், உறவு கிடையாது. ஒருத்தி தோண்டும்போது இன்னொருத்தி உதவிக்கு வந்து நான் பார்த்ததில்லை. சண்டைக்கு வந்ததும் அபூர்வம்.

காக்க வேண்டிய பொதுச் சொத்து எதுவும் இல்லாததால் இவற்றுக்குக் கோபமும் குறைவு. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். ஒரு சாண் தூரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கண்டுகொள்ளாது. தேன்கூட்டுக்குப் பக்கத்தில் யாரும் முக்காலி போட முடியாது. இங்கே முடிகிறது. இந்த வேடிக்கையின் முழு சௌகரியமும் அதில்தான் இருக்கிறது.

"எவ்வளவு நேரமாடா அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கே? காப்பி ஆறிப்போச்சு" என்கிறாள் பெரியம்மா.

எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார் என்று சொல்லலாம், சொல்லவில்லை. பிரான்சின் தெற்கே, பூச்சிகளை ஆராய்ந்த ழான் ஆன்ரி ஃபாப்ர் ஒரு பள்ளத்தில் ஒரு குளவிக்காக விடியற்காலை முதல் உட்கார்ந்திருந்தார். திராட்சை பறிக்கப் போன மூன்று பெண்கள் அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாலையில் திரும்பும்போதும் மனிதர் அதே இடத்தில் மண்ணைப் பார்த்தபடி இருந்தார். பாவம், புத்தி பேதலித்தவன் என்று முடிவுகட்டிச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவரே எழுதி வைத்த சங்கதி. 1879ல் செரிஞான் என்ற ஊரில் கல்லும் முள்ளுமாய் யாருக்கும் வேண்டாத ஒரு நிலத்தை வாங்கி, 1915ல் சாகும்வரை அங்கே தேனீயும் குளவியும் பார்த்துக்கொண்டிருந்தவர். பயிர் வைக்க லாயக்கற்ற அந்த நிலம்தான் அவருக்குச் சொர்க்கம். பெரியம்மாவின் கொட்டில் எனக்குச் செரிஞான் அளவுக்குப் பெரிசில்லை, போதுமானது.

ஒரு நாள் பெரியம்மா வாசல் பெருக்கிய விளக்குமாற்றைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டுப் போனாள். துளையை அது மறைக்கவில்லை, ஒரு பக்கமாகத்தான் நின்றது. பூவிலிருந்து திரும்பியவள் சுவருக்கு முன் வந்து திகைத்தாள். வந்தாள், பின்வாங்கினாள், மறுபடி வந்தாள். பின்னங்கால்களில் மஞ்சளாய் மகரந்தச் சுமை. பக்கத்து வாசலில் தலையை நுழைத்துப் பார்த்து வெளியே வந்தாள். நான் எழுந்து விளக்குமாற்றை எடுத்ததும், கண் மூடித் திறப்பதற்குள் தன் வாசலுக்குள் இருந்தாள்.

நெதர்லாந்தின் மணல்வெளி ஒன்றில், 1930களின் தொடக்கத்தில், நிக்கோ டின்பெர்கன் என்ற ஆய்வாளர் இதையே திட்டம் போட்டுச் செய்தார். மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு தனிக்குளவியின் வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி அதைப் பழகிக்கொண்டு வெளியே போன பிறகு வட்டத்தை அப்படியே ஓரடி தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி வாசலை விட்டுவிட்டு, காய்களின் நடுவில் இல்லாத வீட்டைத் தேடியது. 1973ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். பெரியம்மாவின் விளக்குமாறு அறிவியலுக்குப் பிந்தி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சுவர்க்காரி எங்கே போகிறாள் என்று தேடி நானும் எழுந்தேன். அதிக தூரமில்லை. கிணற்றடியில் தக்காளியும் கத்தரியும் இருக்கின்றன. துளசிக்கும் கனகாம்பரத்துக்கும் தேனுக்காகப் போகிறாள். பறக்கும்போதே நீண்ட நாக்கை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, ஒரு பூவில் ஒரு நொடி, அடுத்ததற்குத் தாவல். கண் பின்தொடர்வதே சிரமம். தக்காளிப் பூவில் மட்டும் நிற்கிறாள்.

நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளி, கத்தரி, ஆவாரை மாதிரியான பூக்கள் மகரந்தத்தை வெளியே பரப்பி வைப்பதில்லை. மகரந்தப் பை மூடிய குழாயாக இருக்கும், நுனியில் மட்டும் சிறு துவாரம். உலுக்கினால்தான் உதிரும். அவள் பூவைக் கால்களால் கட்டிப்பிடித்து, உடம்பை வளைத்து, சிறகை அசைக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடுகிறாள். அதுவரை 'உம்' என்று கேட்ட ஓசை திடீரென்று கூர்மையாகி, 'ஈஈங்' என்று ஒரு சுருதி மேலேறி நின்றுவிடுகிறது. பூவிலிருந்து பொடி அவள் வயிற்றில் கொட்டுகிறது. நாம் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. அது தக்காளிப் பூவைச் சுற்றிவிட்டுக் கையை விரிக்கும்.

ஆஸ்திரேலியாவில் இவளுடைய உறவுக்காரி ஒருத்தி இருக்கிறாள். பூவைக் கடித்துப் பிடித்து உலுக்குவதற்குப் பதிலாக, நொடிக்குச் சுமார் 350 தடவை தலையால் முட்டுகிறாள் என்று 2015ல் அதிவேகப் படமெடுத்துக் கண்டறிந்தார்கள். அங்கே கண்ணாடிக்குடில் தக்காளிக்காரர்கள் இந்தத் தேனீயை எப்படி வேலைக்கு வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே சம்பளம் கேட்காமல் வந்து போகிறது. பெரியம்மா வீட்டுக் கத்தரி எந்த மருந்தும் இல்லாமல் காய்ப்பதற்குத் தன் கைராசிதான் காரணம் என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் எதற்கு நடுவில் பேச வேண்டும்?

மதியம் சுவரடியில் இன்னொரு ஆள் நடமாட்டம். கரிய உடம்பில் பட்டைகள் இல்லை. பளிச்சென்ற நீலப் புள்ளிகள். அழகில் சுவர்க்காரியை மிஞ்சும். ஆனால் காலில் மகரந்தம் இல்லை, மகரந்தம் சுமக்கும் மயிரும் இல்லை. சுவரில் ஒரு வெடிப்பின் மேல் அமர்ந்து, யார் வெளியே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. குயில் தேனீ. வீட்டுக்காரி பூவுக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, அவள் சேர்த்துவைத்த சோற்றின் பக்கத்தில் தன் முட்டையை வைத்துவிட்டு வெளியேறும். அந்தக் குஞ்சு முதலில் வீட்டுக்காரியின் பிள்ளையைத் தீர்த்துக்கட்டும், பிறகு சோற்றைத் தின்று வளரும். காக்கைக்காவது தன் கூட்டில் வளர்வது குயில் என்று கடைசியில் தெரியவரும் என்பார்கள். இவளுக்குத் தெரியவே வராது.

உள்ளே நுழைவதையும் வெளியே வருவதையும் பார்த்தேன். விரட்டலாம் என்று கை எழுந்தது. எழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டேன். குயில் தேனீயும் ஒரு தாய்தான், அதுவும் தனி ஆள்தான். அது இருக்கிறது என்றால் சுவரில் குடித்தனங்கள் தாராளமாக இருக்கின்றன என்று அர்த்தம். ஏழை வீட்டில் இந்தத் திருடி தங்கமாட்டாள்.

கொட்டிலின் ஓரத்தில் ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருக்கிறது. படி இரண்டு உடைந்து போனதால் யாரும் ஏறுவதில்லை. அதன் வெட்டுவாயில் கணு வரைக்கும் உள்ள பொந்தில் வேறொரு குடித்தனம். இலைவெட்டித் தேனீ. இவளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூட இவள் கைவேலையைப் பார்த்திருப்பார்கள். ரோஜா இலையின் ஓரத்தில், புங்கன் இலையில், மந்தாரையில், வட்டக் கத்தரியால் வெட்டியது போலப் பிறைவடிவ வெட்டு. புழு கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது சுத்தமான கோடு.

இலையின் விளிம்பில் கால்களை இருபுறமும் போட்டு உட்காருகிறாள். தன் உடம்பையே அளவுகோலாகக் கொண்டு, தாடையால் வெட்டிக்கொண்டே சுழல்கிறாள். சில நொடி வேலை. துண்டு கடைசி இழையில் தொங்கும்போதே சிறகு அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அறுந்ததும் விழாமல், துண்டை வயிற்றடியில் சுருட்டிப் பிடித்தபடி பறக்கிறாள். பச்சைத் துண்டு ஒன்று தானே காற்றில் போவது போலத் தோன்றும். நீளவாட்டுத் துண்டுகள் அறையின் பக்கச் சுவருக்கு, வட்டத் துண்டுகள் மூடிக்கு. ஓர் அறைக்குப் பத்துப் பதினைந்து துண்டுகள் ஆகும். உடைந்த மூங்கில் ஒன்றைப் பிளந்து பார்த்தபோது உள்ளே பழைய அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, காய்ந்த வெற்றிலைச் சுருள் போல வரிசையாக இருந்தன.

அறை தயாரானதும் மகரந்தம். இவள் காலில் சுமப்பதில்லை. வயிற்றின் அடிப்பக்கம் முழுக்கப் பொன் மயிர், அதில் அப்பிக்கொண்டு வருகிறாள். பூவில் இருக்கும்போது வயிற்றைத் தூக்கிக் காட்டும் தேனீயைப் பார்த்தால் இந்த வம்சம் என்று சொல்லிவிடலாம். மகரந்தத்தைத் தேனில் குழைத்து உருட்டி, அதன் மேல் ஒரு முட்டை. வட்டத் துண்டுகளால் மூடி. மூடியின் முதுகிலேயே அடுத்த அறை. பொந்து வாசல் வரை வந்ததும் கடைசியாகப் பல மூடிகள் போட்டு அடைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

திரும்பி வரமாட்டாள். இதுதான் எனக்கு இந்த வேடிக்கையில் உறுத்தும் இடம், இதுவே பிடித்த இடமும். உள்ளே புழு பொரிந்து, சோற்றைத் தின்று, பட்டுக்கூடு நெய்து, சில வாரங்களில் முழுத் தேனீயாகி வெளியே வரும்போது அவள் பெரும்பாலும் உயிரோடு இருக்கமாட்டாள். சோறு ஊட்டியதில்லை, முகம் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் முழு வளர்ச்சிக்கு வேண்டிய சாப்பாட்டை அளந்து வைத்திருக்கிறாள். மகளுக்குக் கூடுதல், மகனுக்குக் குறைவு.

மகளா மகனா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் தீர்மானிக்கிறாள். சேமித்து வைத்த விந்தை முட்டைக்குக் கொடுத்தால் மகள். கொடுக்காமல் இட்டால் மகன். பொந்தின் ஆழத்தில் மகள்களை வைக்கிறாள், வாசல் பக்கம் மகன்களை. மகன்கள் சீக்கிரம் வளர்ந்து முதலில் வெளியே வந்துவிடுவார்கள், வழியை மறிக்கமாட்டார்கள். வாசலை உடைத்துக்கொண்டு எதிரி வந்தாலும் முதலில் போவது அவர்கள்தான். ஃபாப்ர் இதைச் சந்தேகப்பட்டு, தன் ஊர்த் தனித்தேனீகளுக்கு நாணல்களும் கண்ணாடிக் குழாய்களும் கொடுத்துப் பார்த்தார். குட்டையும் குறுகலுமான பொந்து கொடுத்தால் தாய் மகன்களாகவே இட்டாள். இடத்தைப் பார்த்துப் பிள்ளையை முடிவு செய்கிறாள் என்று கண்டுகொண்டார். நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்காக ஆழத்தில் இடம் ஒதுக்கும் வீடுகள் எத்தனை என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்காமல் விடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ரோஜா இலைப் பிறைகள் பிடிக்கவில்லை. "என்ன பெரிம்மா, செடி பூரா கத்தரிச்சு வச்சிருக்கு. மருந்துக் கடையில சொன்னா ஒரு டப்பா தருவாங்க, அடிச்சா ஓடிடும்" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் ரோஜாவைக் காட்டவில்லை, வேலியோரத் துவரையைக் காட்டினேன். வரப்பில் ஊன்றி மிஞ்சிய விதையைக் கொல்லையில் போட்டிருந்தாள். மஞ்சள் பூவாகக் கொட்டிக்கிடந்தது. வயிற்றடி பொன்னான அதே தேனீ ஒவ்வொரு பூவாக மிதித்துத் திறந்துகொண்டிருந்தது.

துவரைப் பூவின் அடியிதழ்கள் படகாக மூடியிருக்கும். கனமான தேனீ வந்து மிதித்தால்தான் உள்ளிருக்கும் தண்டு வெளியே வந்து அதன் வயிற்றில் உரசும். இலைவெட்டியும், கொட்டில் உத்தரத்தில் குடியிருக்கும் கருவண்டும் இதற்குத் தோதான எடை. துவரை தானாகவும் காய்க்கும் என்பது உண்மை. ஆனால் இந்தப் பூச்சிகள் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றுவதால்தான் துவரையில் வீரிய ஒட்டு விதை என்ற யோசனையே சாத்தியமானது. 1991ல் ஐதராபாத் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆய்வு நிறுவனத்தின் உழைப்பில் ஐ.சி.பி.எச். 8 என்ற ரகம் வந்தது. உலகின் முதல் ஒட்டுத் துவரை. ஆள் வைத்துப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு விதை எடுத்துக் கட்டுப்படியாகுமா? அந்த வேலையைத் தேனீக்கள் செய்தன. ரோஜா இலையில் பத்துப் பிறை விழுந்தால் செடி சாகாது. சாம்பாருக்குப் பருப்பு வேண்டுமானால் பிறை விழத்தான் செய்யும்.

அக்கா சிரித்துவிட்டுப் போனார். டப்பா வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பூவரசங்கட்டை உத்தரத்தில் இருப்பவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளைப் பார்க்கவே வேண்டாம், காதே போதும். கட்டைவிரல் பருமனில் கன்னங்கரேல் என்று ஒரு வண்டு, சிறகில் மட்டும் வெயில் பட்டால் ஊதா. தச்சன் தேனீ. எருக்கம்பூவையும் கொன்றையையும் ஆவாரையையும் விட்டுவைக்காது. எருக்கின் மகரந்தம் பொட்டலமாக இருக்கும். அதைக் காலில் மாட்டிக்கொண்டு போய் அடுத்த பூவில் சேர்ப்பதற்கு இந்த அளவு உடம்பு வேண்டியிருக்கிறது. உத்தரத்துக்குக் கீழே தரையில் பொன்னிறத் தூள் குவியலாகக் கிடந்தால் மேலே வேலை நடக்கிறது என்று பொருள். மரத்தைத் தின்பதில்லை. கடைந்து எறிகிறாள், கொஞ்சம் தூளை எச்சிலில் குழைத்து அறைகளுக்கு நடுவே தடுப்பு வைக்கிறாள். பூச்சி உலகின் மிகப் பெரிய முட்டைகளில் இவளுடையதும் ஒன்று. தனிக்குடித்தனத்திலும் இவள் அவ்வளவு கறார் இல்லை. வளர்ந்த மகள்கள் சில காலம் அம்மா வீட்டிலேயே தங்கிவிடுவது உண்டு.

"கர்ணன் தொடையையே தொளைச்ச வண்டுடா அது. ஒன் முகத்துக்கு நேரா நிக்குது, எந்திரி" என்பாள் பெரியம்மா. முகத்துக்கு நேராக அந்தரத்தில் நின்று மிரட்டுவது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. எந்த இனத்து ஆண் தேனீக்கும் கிடையாது. சத்தம்தான் சொத்து.

மாசி பிறந்து கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், துளையில் விரலை வைத்துப் பார்த்தார். "அம்மா, இது மண்குடைஞ்சிங்க. சுவரு ஒண்ணும் விழாது. கலவை அடிச்சா உள்ள இருக்கறதெல்லாம் அப்படியே அடங்கிப்போகும். பாவம் நமக்கு எதுக்கு? சாரல் அடிக்கிற மேக்குப் பக்கத்தைப் பூசித் தர்றேன்." கூலியில் நான்கில் ஒரு பங்கு மிச்சம் என்றதும் பெரியம்மா ஒப்புக்கொண்டாள். என் முக்காலித் தவத்தைவிட அந்தக் கணக்குத்தான் சுவரைக் காப்பாற்றியது. எப்படியோ கிழக்குச் சுவர் தப்பியது.

பொழுது சாயும்போது பார்க்க வேண்டியது சுவரை அல்ல. பெண்கள் தத்தம் வளைக்குள் போய்விடுவார்கள். ஆண்களுக்கு வீடு கிடையாது. காய்ந்த துளசித் தண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு, அப்படியே தூங்கிவிடுகின்றன. பகலில் பூவோரம் போட்டி போட்டுத் துரத்திக்கொண்டவை இப்போது ஒரே தண்டில் மேலும் கீழுமாக வரிசை. ஐந்து பட்டைகளையும் நிதானமாக எண்ண இதுதான் நேரம். மறுநாள் மாலையும் அதே தண்டுக்கே வருகின்றன. அந்தத் துளசித் தண்டை ஒடித்துப் போட்டுவிட வேண்டாம் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றாள், நம்பிக்கை இல்லாத குரலில்.

இருட்டிய பிறகும் தனித்தேனீ உண்டா? உண்டு. அதன் பெயரில் நம் கடற்கரை ஊர் ஒன்று இருக்கிறது. இங்கிருந்து பேருந்து ஏறினால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கிருந்து ஐரோப்பா போன பூச்சிகளில் ஒன்றுக்கு ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் 1804ல் ஊர்ப் பெயரையே வைத்தார்: சைலோகோபா டிராங்க்பாரிகா. தச்சன் தேனீ வகைதான். வெளியே பறப்பது மட்டும் இரவில். மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஆய்வாளர் ஹேமா சோமநாதனும் கூட்டாளிகளும் இதைப் பின்தொடர்ந்து 2008ல் எழுதினார்கள். நிலா இல்லாத இரவிலும் இது பறந்து வீடு திரும்புகிறது, நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறம் பிரித்தறிகிறது என்று கண்டார்கள். அந்த வெளிச்சத்தில் நமக்கு எல்லாமே சாம்பல்தான். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தத் தேனீயைப் பற்றி ஒரு பலகை வைத்தால் என்ன? டேனிஷ் ஆட்சி போய்விட்டது, ஊர்ப் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருப்பது இந்த இரவுத் தேனீ.

பெரியம்மாவுக்கு மண்சுவரும் பழைய ஏணியும் தானாக வாய்த்தவை. வாசல்வரை டைல்ஸ் போட்ட வீட்டுக்காரர்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தொட்டிச் செடி வைக்கும் மூலையில் ஒரு முழம் நிலத்தை வெற்று மண்ணாக விட்டுவையுங்கள். கணுவுக்குக் கணு அறுத்த, ஒரு பக்கம் மூடிய மூங்கில் துண்டுகளைக் கட்டி, காலை வெயில் படும், மழை படாத இடத்தில் ஆடாமல் பொருத்துங்கள். பொந்தின் வாய் நான்கு மில்லிமீட்டரிலிருந்து பத்து வரை கலந்து இருக்கட்டும். உண்ணிச்செடியையும் முருங்கையையும் கழிக்கும்போது காய்ந்த குச்சிகள் சிலவற்றை ஓரமாக நிறுத்திவையுங்கள். அரிசி அளவில் பச்சை மினுங்கும் குட்டித் தச்சன் ஒன்று தண்டின் சோற்றைக் குடைந்து குடியேறும். துளசியும் கத்தரியும் தொட்டியிலேயே வரும். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். சுவரில் ஒரு துளை தெரிந்தால் கலவை குழைக்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். காலை எட்டு மணிக்கு மேல் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.